செங்கோட்டையில் ஒரு கோடை, ஒரு காதல் நாவல்: புதிதாக எழுத வருகிறவர்களுக்கு

ஏப்ரல் 1 முதல் மே 31 வரை 61 நாள். ஒரு காதல் நாவலின் முதல் படியை எழுதி, ஆறப்போட்டு, ஒருமுறை திருத்தி முடிக்க இது போதும். செங்கோட்டை, இலஞ்சி, பண்பொழி, புளியரை வட்டாரம் இதற்குத் தோதானது, அழகுக்காக மட்டும் அல்ல. கோடையில் குற்றாலத்து அருவிகளில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. அதனால் கூட்டமும் இருக்காது, வாடகையும் இறங்கியிருக்கும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளாவில் இறங்கியதும் இந்தப் பக்கம் சாரல் பிடிக்கும். சீசன் வந்துவிடும், அறை வாடகை ஏறிவிடும், சொந்தக்காரர்கள் “குளிக்க வாரோம்” என்று போன் போடுவார்கள். நாவலுக்குக் கெடு அதுதான். வேறு யாரும் வைக்க வேண்டாம்.

எங்கே தங்குவது

லாட்ஜ் வேண்டாம். இரண்டு மாத வாடகைக்கு இலஞ்சி, மேலகரம் அல்லது செங்கோட்டை ஊருக்குள் மாடி போர்ஷன் பாருங்கள். வீட்டுக்காரர் கீழே குடியிருந்தால் நல்லது. ஊர்க்காரர்களிடம் உங்களுக்கு ஒரு விலாசம் கிடைக்கும். இங்கே வரப்பில் நடந்தால் முதல் கேள்வி “யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” என்பதுதான். அதற்குத் தெருப் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் சொன்னால் பேச்சு சுமுகமாக அடுத்த இடத்துக்குப் போகும். “சும்மா நடக்கிறேன்” என்றால் போகாது.

அறையில் பார்க்க வேண்டியது மூன்று: கிழக்கே அல்லது வடக்கே ஜன்னல் (மேற்கு வெயில் விழுந்த சுவர் ராத்திரி பத்து மணி வரை சுடும்), மேசை, மொட்டை மாடிக்குப் படி. மொட்டை மாடி எதற்கு என்று பின்னால் சொல்கிறோம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் நேரே செங்கோட்டையில் விடும். பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் ஏப்ரல், மே டிக்கெட் சீக்கிரம் தீரும். முன்பதிவு திறந்ததும் எடுத்துவிடுங்கள்.

61 நாள் கணக்கு

முதல் 7 நாள் நடை மட்டும். கதை எழுதக் கூடாது. அடுத்த 38 நாள், நாளுக்கு 1,200 சொல். இது 45,600 ஆகும், அதாவது 1,500 சொல் வீதம் 30 அத்தியாயம், கொஞ்சம் மிச்சத்தோடு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும்; ஆங்கில நாவலின் கணக்கை இங்கே போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அச்சில் இது 220 பக்கத்துக்கு மேல் வரும். அதன் பிறகு 5 நாள் பிரதியைத் தொடாமல் விடுங்கள். கடைசி 11 நாள் திருத்தம், நாளுக்கு மூன்று அத்தியாயம். ஒரு நாள் மிஞ்சும், அது கரண்ட் போகும் நாளுக்கு.

பெரும்பாலும் கணக்கு உடைவது முதல் வாரத்தில்தான். வந்த வேகத்தில் முதல் நாளே உட்கார்ந்து மூன்று அத்தியாயம் எழுதுகிறவர்கள் பத்தாம் நாள் நின்றுவிடுகிறார்கள். ஊர் தெரியாமல் எழுதிய அந்த மூன்று அத்தியாயத்தில் மலை இருக்கும், பனி இருக்கும், ஒரு ஜீப் இருக்கும். எந்த மலைக்கும் பொருந்தும். எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டிவரும்.

அந்த 7 நாளில் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இருவருக்கும் நடுவில் என்ன தடை? ஒரு போன் பேசினால் தீர்கிற தவறான புரிதல் தடை ஆகாது. அதை வைத்து ஆறு அத்தியாயம் ஓட்டலாம், முப்பது ஓட்ட முடியாது. இரண்டு பங்காளிகளுக்குப் பொதுவான மாந்தோப்பு, தீராத கடன், சின்ன வயதிலேயே பேசி வைத்த முறைமாப்பிள்ளை, எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைத்த வேலை, இவை தாங்கும். தடை முடிவாகும் வரை கதைமாந்தர்களுக்குப் பெயர் வைக்காதீர்கள். அகப்பாட்டில் தலைவன், தலைவிக்குப் பெயர் சொல்லும் வழக்கமே இல்லை. ஒரு வாரம் ‘அவன்’, ‘அவள்’ என்று இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பெயர் வைக்கும்போது வயதைப் பாருங்கள். குத்தாலிங்கம், செண்பகம் எல்லாம் இந்த மண்ணின் பெயர்கள்தான். ஆனால் 25 வயதுப் பையனுக்குக் குத்தாலிங்கம் என்று வைத்தால் அது தாத்தா பெயர் என்றும், வீட்டில் கூப்பிட வேறு ஒன்று உண்டு என்றும் காட்ட வேண்டும்.

நடை: ஒரே பாதை

புதிதாக வருகிறவர்கள் தினம் ஒரு புதுப் பாதை தேடுவார்கள். வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் ஒரே பாதை, ஏழாவது நாள் மட்டும் வேறு. முதல் நாள் கண்ணில் படுவது மலை. நாலாம் நாள்தான் குளத்து மடையில் துணி துவைக்கிற அம்மா யாரோடு பேசுவதில்லை என்பது தெரியவரும். நாவலுக்கு வேண்டியது அந்த நாலாம் நாள்.

தினசரிப் பாதைக்கு வயலும் குளக்கரையும் கலந்த 4 கிலோமீட்டர் போதும். இலஞ்சியைச் சுற்றி இது எளிதாக அமையும். காலை 5.50க்குக் கிளம்பி 7.15க்குத் திரும்பிவிடுங்கள். ஏழரைக்கு மேல் வெயில் உறைக்கும்; வியர்த்துக் களைத்து வந்தால் எழுத்து ஓடாது. எடுத்துப்போக வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், குடை, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, பென்சில். ஜெல் பேனா வியர்வைக் கை பட்டு இழுகும். குடை வெயிலுக்கு, மழைக்கு, நாய்க்கு. செருப்பு பின்வார் உள்ளதாக இருக்கட்டும். கோடை வரப்பில் வெடிப்பும் நெருஞ்சியும் உண்டு, ஹவாய் செருப்பை நெருஞ்சி துளைத்துவிடும். இருட்டு பிரியாத நேரத்தில் டார்ச் இல்லாமல் வரப்பில் கால் வைக்காதீர்கள்.

இந்த மாதங்களில் வயல் எப்படி இருக்கும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிசான நெல் அறுத்தாயிற்று, அடுத்த போகமான கார் சாகுபடி ஜூனில்தான். ஆக ஏப்ரல், மேயில் இங்கே பெரும்பாலும் பச்சை வயல் கிடையாது. தாளடியும் (அறுத்த வயலில் நிற்கும் அடித்தாள்), ஆட்டுக் கிடையும், வாத்துக் கூட்டமும்தான். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலைப் படத்தில் பார்த்துவிட்டு மே மாதக் கதையில் நாயகியை அதற்குள் ஓட விடுகிறார்கள். அது பூப்பது சாரல் காலத்தில். மே மாதத்துக்குச் சொந்தமானவை வேறு: மா, பலா, நுங்கு, ஏப்ரலில் மஞ்சளாகத் தொங்கும் சரக்கொன்றை. மாந்தோப்பில் நடக்கும்போது கீழே கிடக்கிற காயையும் எடுக்காதீர்கள். பாதித் தோப்பு குத்தகையில் இருக்கும், விழுந்த காய்க்கும் கணக்கு உண்டு.

ஏழாம் நாள் நடைக்குப் பண்பொழி திருமலைக்கோயில் படி, குண்டாறு அணைப் பக்கம், அல்லது புனலூர் ரயில். ரயிலில் நடப்பதில்லைதான், ஆனால் பகவதிபுரம் தாண்டியதும் வரும் நீளமான குகைக்குள் பெட்டி இருட்டாகி, மறுபக்கம் ஆரியங்காவில் வெளியே வரும்போது காற்றின் ஈரமே மாறியிருப்பதை உடம்பு சொல்லும். மேற்கே போகப் போக ரப்பர் தோட்டம், கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், தென்மலை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எந்த ஸ்டேஷனில் எந்த மொழியில் டீ விற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நடக்கக் கூடாத இடங்களும் உண்டு. புளியரையிலிருந்து கோட்டைவாசல் ஏறும் மலைச்சாலையில் லாரி ஓயாது, எஸ் வளைவில் ஒதுங்க இடமில்லை, பஸ்ஸில் போங்கள். மேக்கரை, வடகரை, பண்பொழி மலையடித் தோப்புகளில் யானை இறங்கும். பொழுது சாய்ந்த பிறகும், நன்றாக விடியும் முன்னும் அங்கே நடை கிடையாது. மலை மேற்கே நிற்பதால் நிழல் சீக்கிரம் விழும். கடிகாரத்தில் அஸ்தமனம் ஆகுமுன்பே அடிவாரத்தில் அந்தி இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். (இது கதைக்கும் உதவும். அடிவார ஊரின் மாலை நீளமானது.) காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும், தென்னைக்கடியில் ஒதுங்காதீர்கள். மலையில் கருத்திருந்தால் ஊரில் துளி விழாவிட்டாலும் அருவிப் பக்கம் போக வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை இழுத்துப்போனது.

குறிப்பைக் காட்சியாக்குவது

நடக்கும்போது வர்ணனை எழுதாதீர்கள். பார்த்தது, கேட்டது, மணம், நேரம் மட்டும். ஒரு நடைக்கு ஐந்து வரி. மாதிரிக்கு ஒன்று:

“6.10. தாளடி. ஆட்டுக் கிடை. வலைக்குள் ஒரே உடம்பாகப் படுத்திருக்கு. கிடைக்காரர் கட்டிலில் தலையோடு போர்வை. ஒரு ஆடு தும்முது, கூடவே நாலு. காய்ந்த வயலில் மூத்திர ஈர வாசம்.”

வீட்டுக்கு வந்ததும் இதன் கீழே இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அவளோ அவனோ இங்கே எந்த வேலையாக வருவார்கள்? அந்த வேலைக்கு என்ன இடைஞ்சல்? வயலுக்கு உரமாகட்டும் என்று மூன்று ராத்திரிக்குக் கிடை பேசியது அவள் அப்பா. விடிகாலையில் தூக்குவாளியில் காபி கொண்டுபோவது அவள் வேலை. கிடைக்காரர் என்று நினைத்து அவள் எழுப்பியது, லீவுக்கு வந்து மாமாவுக்குப் பதில் படுத்திருக்கும் அவரது மருமகனை. மூன்று ராத்திரிதான், நாலாம் நாள் கிடை அடுத்த வயலுக்குப் போய்விடும். காட்சியும் கிடைத்தது, அவசரமும் கிடைத்தது. ‘மலையின் பனிமூட்டத்தில் அவள் கண்கள் பேசின’ என்பதில் இரண்டும் இல்லை.

உரையாடலிலும் அப்படித்தான். காதலைக் காதல் என்று சொல்லவிடாமல், கையில் இருக்கிற பொருளைப் பேசவிடுங்கள்:

பிரானூர் பார்டரில் இறங்கும்போது அவள் செருப்பு வார் அறுந்தது. மர அறுவை மில் வாசலில் நின்றவன் ஒரு துண்டுச் சணலை நீட்டினான்.
“இது எம்புட்டுத் தூரம் தாங்கும்?”
“இலஞ்சி வரைக்கும் தாங்கும்.”
கட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான், தன் ஊர் இலஞ்சி என்று அவனிடம் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

திணையை அத்தியாயமாகப் பிரிப்பது

முப்பது அத்தியாயத்தைப் பிரிக்க நமக்கு வெளியிலிருந்து சூத்திரம் வேண்டாம். ஐந்து திணையின் உரிப்பொருளே, அதாவது ஒவ்வொரு திணைக்கும் உரிய காதல் நிலையே, போதும். புணர்தல், அதாவது சந்தித்து நெருங்குவது, 8 அத்தியாயம். இருத்தல், அதாவது காத்திருப்பது, 5. ஊடல் 7. பிரிதல் 6. இரங்கல் 4. இரங்கலை நீட்டாதீர்கள். அழுகை நாலு அத்தியாயத்தைத் தாண்டினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஊடலுக்கு ஏழு கொடுப்பது வேண்டுமென்றேதான். காதல் நாவலை விரும்பிப் படிக்கிறவர்கள் திரும்பத் திரும்ப வாசிப்பது அந்தப் பகுதியைத்தான். வரிசையும் மாறலாம், பிரிவில் தொடங்கிப் பின்னால் போகலாம்.

ஒவ்வொன்றுக்கும் சொல்லப்பட்ட சிறுபொழுதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருதத்து ஊடலுக்கு வைகறையும் விடியலும், அது உங்கள் தினசரி நடை நேரமே. முல்லையின் காத்திருப்புக்கு மாலை. குளக்கரையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். பாலைக்கு நண்பகல், பெரும்பொழுது வேனில். நீங்கள் வந்திருக்கும் காலமே பாலைக்குரியது. மதியம் நடக்க வேண்டாம். ஜன்னலிலிருந்து தெருவைப் பாருங்கள், ஆளில்லாத தெருவில் எது அசைகிறது என்று எழுதுங்கள். குறிஞ்சிக்கு யாமம். நள்ளிரவில் மலையடிக்குப் போனால் தலைவனுக்கு முன் யானை வரும் என்பதால்தான் மொட்டை மாடி. விளக்கை அணைத்துவிட்டு மேற்கே பார்த்தபடி அரை மணி. நெய்தலுக்கு இங்கே கடல் இல்லை. பிடிவாதமாக வேண்டுமென்றால் கொல்லத்துக்கு ரயில் இருக்கிறது.

மேசை நேரம்

நடை, குளியல், பலகாரம் முடிந்து 8.15 முதல் 11.30 வரை. முதல் 15 நிமிடம் காலைக் குறிப்பைப் படிப்பது, பிறகு 1,200 சொல். நேற்று எழுதியதைத் திருத்த உட்கார்ந்தால் இன்றைய பங்கு போய்விடும். கடைசி இரண்டு பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். நாளின் எழுத்தை ஒரு காட்சியின் நடுவில் நிறுத்துங்கள், அடுத்த நாள் தொடங்க இடம் தேட வேண்டாம். இடி கேட்டதும் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

பேச்சு

இது நெல்லைத் தமிழ் மண். ஆச்சி, அண்ணாச்சி, மைனி, அத்தான், “சொல்லுதேன்”, “வாரீகளா”. இவற்றை எல்லா வரியிலும் தூவினால் கேலியாகிவிடும். வயதானவர்களுக்கு முழுதாக, இளையவர்களுக்குக் கோபத்திலும் வீட்டுக்குள்ளும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இந்தப் பக்கத்துப் பெண் அவனை ‘அத்தான்’ என்று முதல்முறை கூப்பிடுவது ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம். அதை மூன்றாம் அத்தியாயத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

மலையாளி பாத்திரம் வந்தால் ‘சேட்டா’, ‘சேச்சி’யோடு நிறுத்துகிறார்கள். அதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. மலையாள வினைமுற்றில் ஆண், பெண், ஒருமை, பன்மை விகுதி கிடையாது. அதனால் அவர் தமிழில் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்: “அவ நாளைக்கு வருவான்.” இந்த ஒரு பிழையை வைத்து ஒரு ஊடலும் செய்யலாம், ஒரு சமாதானமும் செய்யலாம்.

எல்லை ஊரில் தவறும் தகவல்கள்

பிரானூருக்குப் ‘பார்டர்’ என்று பெயர், ஆனால் இன்று மாநில எல்லை அங்கே இல்லை, மேற்கே கோட்டைவாசலில் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை அது மலையாளச் சீமை. எல்லை நகர்ந்தது, பெயர் அங்கேயே நின்றுவிட்டது. தாத்தா காலத்துக் காதலை எழுதினால் பிரானூரில் அவர் மாநிலமே கடக்கிறார். பேரன் டீதான் குடிக்கிறான்.

பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை வந்தால் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை ஆங்கில ஆண்டில் 824ஐக் கழியுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய 825. மலைப்பாதையில் ரயில் 1904இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மலைப்பாதை நின்று, 2018இல்தான் மறுபடி முழுதாக ஓடியது. ஆக 2014இல் நடக்கும் கதையில் புனலூர் ரயிலில் சந்திக்க முடியாது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது, அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டம்.

கல்யாணத்தை ஆடியில் வைக்காதீர்கள். கேரளப் பக்கம் அது கர்க்கடகம், அங்கேயும் நடத்தமாட்டார்கள். இரு வீட்டாரும் ஒத்துக்கொள்ளும் மாதம் ஆவணி, அவர்களுக்குச் சிங்ஙம்.

ஓடிப்போய் அன்றே பதிவுத் திருமணம் என்பது நாவல்களில் தொடர்ந்து வரும் பிழை. மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்துத் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். ஆட்சேபணைக்கு 30 நாள். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு திருமணம். அந்த 30 நாளில் நோட்டீஸ் பலகையை யார் படிக்கிறார்கள் என்பதிலேயே ஆறு அத்தியாயம் இருக்கிறது. இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செல்லும்; உற்றார் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும், பதிவு பிறகு.

கடைசி 11 நாள்

திரையில் திருத்தாதீர்கள், தென்காசியில் ஒரு பிரிண்ட் எடுத்துவிடுங்கள். முதல் சுற்றில் பருவத்தையும் தேதியையும் மட்டும் பாருங்கள்: எந்த மாதம், வயலில் என்ன, மரத்தில் என்ன. இரண்டாவது சுற்றில் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டுக்கார ஆச்சிக்குக் காது கொடுக்க நேரம் இருந்தால் அவர் பாத்திரம் பேசும் பகுதியைப் படித்துக் காட்டலாம். “நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம்” என்று வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள்.

கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது எழுத்து உடையும். ‘கௌரி’யைச் சிலர் கொம்பும் ‘ள’வுமாகச் சேர்த்து ‘கெளரி’ என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது. நாயகி பெயரே கௌரி என்றால் 30 அத்தியாயத்திலும் தேடி மாற்றிவிடுங்கள். ஒற்று மிகும் இடங்களைக் கடைசியாக ஒரே மூச்சில் பாருங்கள், நடுநடுவே பார்த்தால் கதையும் ஓடாது, ஒற்றும் விட்டுப்போகும். பிரதி ஒன்று லேப்டாப்பில், ஒன்று மின்னஞ்சலில், ஒன்று பென் டிரைவில். நடை நோட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே சாரல் பிடித்துவிடலாம்.